குறிசுடும் கலையும் குறைந்த வருவாயும்

குறிசுடுதல் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றி நிற்கிறது. பந்தாட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்காத பெற்றோர், காற்றுத் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்குகின்றனர். 'அதெல்லாம் நமக்கு எட்டாத காரியம்' என்று தாய் சொல்கிறார்; 'துப்பாக்கி எடுத்தவன் உருப்பட்டானா?' என்று பாட்டி கேட்கிறார். 'படிக்கிற நேரத்தில் இது எதற்கு?' என்று தந்தை முடித்து வைக்கிறார். இம்மூன்று கூற்றுகளையும் ஈசூன் வட்டார அடுக்குமாடி வீடுகளில் கேட்டிருக்கிறேன். தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கும்போதும் கேட்டிருக்கிறேன். வருந்தத்தக்கது என்னவெனில், ஆசிரியர் அறைகளிலும் இவற்றையே கேட்டிருக்கிறேன்.

அந்த எண்ணத்தை மறுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். சிங்கப்பூரில் குறிசுடும் கலை ஏழைக்கு எட்டாக்கனி அன்று. அதனை எட்டாக்கனி ஆக்குபவை இரண்டு. சொந்தத் துப்பாக்கி இல்லாமல் இக்கலை கைவராது என்னும் மயக்கம் ஒன்று. எதையும் விசாரித்துப் பாராமல் ஒதுங்கிக்கொள்ளும் தயக்கம் மற்றொன்று. மயக்கத்தை வசதி படைத்தோர் வளர்க்கின்றனர். தயக்கத்தை நாமே வளர்த்துக்கொள்கிறோம். இரண்டையும் களைய வேண்டிய பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது.

சேர்ப்பாரும் சுடுவாரும்

துப்பாக்கிகளைச் சேர்ப்பது வேறு. குறி பார்த்துச் சுடுவது வேறு. முன்னது உடைமை, பின்னது திறமை. கண்ணாடிப் பேழைக்குள் பத்துத் துப்பாக்கிகளை அடுக்கிவைத்து, வாரந்தோறும் எண்ணெய் தடவித் துடைத்து மகிழும் ஒருவர், பத்து மீட்டர் தொலைவிலுள்ள புள்ளியைத் தொட்டுவிடுவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அலமாரி நிறைய நூல் வாங்கி அடுக்கியவரெல்லாம் புலவர் ஆகிவிடுவதில்லை என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் இவ்விரண்டும் உலகின் பல இடங்களில் ஒன்றெனக் கலந்துகிடக்கின்றன. அமெரிக்க நாட்டில், 1791-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்தது. அங்கே குறைந்த சம்பளக்காரர்கூட மாதச் செலவைச் சுருக்கிப் பழைய துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்க இயலும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது; 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் அங்கே தனிச் சலுகை உண்டு.

சிங்கப்பூரின் நிலை முற்றிலும் வேறு. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. குற்றம் புரிவதற்காகத் துப்பாக்கியைச் சுட்டவருக்கு மரண தண்டனை உண்டு. காற்றுத் துப்பாக்கியும் அச்சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கியே. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இந்தக் கண்டிப்பைத் தளர்த்தவில்லை. உரிமம் பெற்ற விளையாட்டு வீரரின் துப்பாக்கிக்கும் இருப்பிடம் அவர் வீட்டு அலமாரி அன்று. காவலுள்ள ஆயுதக் கிடங்கே.

இதனைக் கேட்டதும், 'அப்படியானால் இந்நாட்டில் இப்பொழுதுபோக்குக்கு இடமேது?' என்று கேட்போர் உண்டு. நான் அதற்கு நேர்மாறாகக் கூறுகிறேன். சட்டம் அடைத்த அந்தக் கதவே எளியவனுக்கு வாய்த்த நற்பேறு. வீட்டில் எவரும் துப்பாக்கிகளை அடுக்கிவைக்க இயலாத காரணத்தால், துப்பாக்கி பள்ளிக்கும் மன்றத்துக்கும் படைக்கும் உரிய பொதுப்பொருளாய் இருக்கிறது. செல்வன் சுடும் துப்பாக்கியும் வறியவன் சுடும் துப்பாக்கியும் இரவில் ஒரே கிடங்கில்தான் உறங்குகின்றன. பொதுப்பொருளாய் இருக்கும் எதுவும், கேட்டுப் பெறத் தெரிந்த ஏழைக்கும் கிடைக்கும். நூலகத்து நூலைப் போலவே நூலகத்துத் துப்பாக்கி என்று இதனை எண்ணிப் பாருங்கள். மயக்கம் பாதி தெளிந்துவிடும்.

பழந்துப்பாக்கிகளின் வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவன் என்ன செய்வான் என்று வினவலாம். செந்தோசாத் தீவின் சிலோசோக் கோட்டையில் பழம் பீரங்கிகள் நிற்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைக் காணலாம். கண்டு, குறிப்பெடுத்து, கட்டுரை எழுதட்டும். அறிவைச் சேர்ப்பதற்கு உரிமமும் வேண்டா, கிடங்கும் வேண்டா.

செலவுக் கணக்கு

அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் பணியிலிருந்த ஒரு தாய், மகளின் இணைப்பாட நடவடிக்கைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இதுக்கு எவ்வளவு ஆகும், ஐயா?" எவ்வளவு சரியான கேள்வி! ஆனால் நம்மவருள் பலர் இக்கேள்வியைக் கேட்பதற்கு முன்பே, 'ஆகாது' என்னும் விடையை எழுதிவிடுகின்றனர். ஆகவே கணக்கைப் பார்த்துவிடுவோம்.

குறிசுடும் விளையாட்டைச் செலவு நோக்கி மூன்று படிகளாகப் பிரிக்கலாம். வானில் எறியப்படும் களிமண் தட்டைச் சிதறடிக்கும் போட்டி முதற்படி. அதில் தகுதிச் சுற்றுக்கு மட்டும் 125 தட்டுகள். சுட்ட தோட்டா திரும்பி வாராது, உடைந்த தட்டும் ஒட்டாது. அகன்ற வெளியும் எறிபொறிகளும் வேண்டும். பிக்கானீர் மன்னர் கர்ணி சிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக இவ்வகையில் சுட்டார். மன்னர் ஒருவர் ஆடியதில் வியப்பில்லை. அது மன்னருக்குக் கட்டுப்படியாகும் ஆட்டம். புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிசில் இறங்கியதும் இதே வகைப் போட்டியில்தான்.

ஐம்பது மீட்டர் தொலைவுக்குச் சிறு தோட்டாத் துப்பாக்கியால் சுடுவது இரண்டாம் படி. இங்கே தட்டு இல்லை. ஆயினும் ஒவ்வொரு தோட்டாவும் காசு.

மூன்றாம் படியே நாம் பேசவந்த பொருள். அது பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி. அழுத்தப்பட்ட காற்று, நான்கரை மில்லிமீட்டர் பருமனும் ஏறக்குறைய அரை கிராம் எடையும் உள்ள ஈயக்குண்டை உந்துகிறது. அக்குண்டு ஒன்றின் விலை சில காசுகளே. நீள்துப்பாக்கிப் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். எழுத்தாணியால் குத்திய புள்ளியளவு. எழுபத்தைந்து நிமிடங்களில் அறுபது முறை சுட வேண்டும். ஒரு போட்டிக்குச் செலவாகும் குண்டுகளின் விலையைக் கணக்கிட்டால், அங்காடி நிலையத்தில் ஒருவர் பகல் உணவு உண்ணும் செலவைத் தாண்டாது.

'துப்பாக்கியின் விலை?' என்பீர்கள். போட்டித் தரமுள்ள நீள்துப்பாக்கி சில ஆயிரம் வெள்ளி. உண்மையே. ஆனால் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குங்கள். கன்னம் பதியும் கட்டையை ஏற்றலாம், இறக்கலாம். தோளில் பொருந்தும் பகுதியை நீட்டலாம், சுருக்கலாம். அதாவது, ஒரே கருவியைப் பல உயரமும் பல கைந்நீளமும் உள்ள பிள்ளைகள் தத்தம் அளவுக்குத் திருத்திக்கொண்டு மாறிமாறிப் பயன்படுத்தலாம். பள்ளி வாங்கிய ஒரு துப்பாக்கி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். எத்தனையோ அணிகளைக் கண்டுவிடும். காற்றுக் குடுவையும் பொது. இலக்குப் பலகையும் பொது. பகிர இயலாதது ஒன்றே. அது விறைத்த துணியாலும் தோலாலும் தைத்த மேலங்கியும் காற்சட்டையும். அவை உடலுக்கேற்ப அமைய வேண்டும். ஆயினும் அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதுபோல், மூத்த மாணவரின் அங்கி அளவொத்த இளைய மாணவருக்கு வரலாகாதா?

இன்னும் எளிய வழி உண்டு. அது கைத்துப்பாக்கிப் பிரிவு. அதில் விறைப்பான அங்கிக்கு விதிகளே இடம் தருவதில்லை. ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேற்படாத கருவியை ஒரே கையால், எந்தத் தாங்கலுமின்றி நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். கணுக்காலை மூடாத காலணியும் வழக்கமான உடையும் போதும். குறைந்த வருவாயுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பிரிவைப் பரிந்துரைப்பது என்று கேட்கும் ஆசிரியருக்கு என் விடை இதுவே.

எல்லாவற்றினும் மேலாக, இக்கலையின் பெரும்பகுதிப் பயிற்சிக்குக் குண்டே தேவையில்லை. நிற்கும் நிலையை அமைத்தல், மூச்சை அடக்கி விடுதல், குறிமுனையைப் புள்ளியில் நிறுத்துதல், விரலை அலுங்காமல் அழுத்துதல், சுட்ட பின்னும் நிலை குலையாமல் நிற்றல் ஆகிய ஐந்தும்தான் இக்கலை. குண்டின்றி விசையை மட்டும் அழுத்திப் பழகும் வெற்றுச் சுடுதலை உலக வெற்றியாளரும் நாள்தோறும் செய்கின்றனர். கூடத்துக்குப் போக இயலாத நாளில், தண்ணீர் நிரம்பிய ஒரு லிட்டர்ப் போத்தலைக் கையில் பிடித்து, சுவரில் இட்ட புள்ளியை நோக்கிக் கையை நீட்டி நிற்கட்டும். அரை நிமிடத்தில் கை நடுங்கும். ஒரு திங்கள் பழகினால் நடுக்கம் குறையும். ஓரறை வாடகை வீட்டிலும் இப்பயிற்சிக்கு இடமுண்டு.

சான்றுகள்

கணக்கு மட்டும் போதாது, கண்கண்ட சான்று வேண்டும் என்போர்க்காகச் சிலவற்றைத் தருகிறேன்.

2008-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில், இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றவர் அபினவ் பிந்திரா. அவர் செல்வர், வீட்டிலேயே தமக்கெனக் குறிசுடும் கூடம் அமைக்கப்பெற்றவர். அவருடைய உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவ்வெற்றியை மட்டுமே கண்டோர், 'வீட்டில் கூடம் கட்ட முடிந்தவனுக்கே பதக்கம்' என்று முடிவு கட்டினர். அம்முடிவை உடைத்தோர் பலர். 2004-இல் ஏதென்சில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ரத்தோரும், 2012-இல் லண்டனில் வெள்ளி வென்ற விஜய் குமாரும் படைவீரர்கள். அவர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் பயிற்சியும் படையின் வழியே கிட்டின.

2024 ஆகஸ்டு முதல் நாள் பாரிசில், ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார் ஸ்வப்னில் குசாலே. அவர் மகாராட்டிர மாநிலக் கோலாப்பூர் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர், நம்மினத்தார். மகனின் தோட்டாவுக்காக அவ்வாசிரியர் கடன் வாங்கினார் என்று செய்தித்தாள்கள் எழுதின. மகனோ ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராய் வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே சுட்டார்.

சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங், 2012-இல் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் வெண்கலம் வென்றார். மகனுக்குத் துப்பாக்கி வாங்கப் பெற்றோர் நிலத்தை விற்றனர் என்பது பலமுறை எடுத்துச் சொல்லப்பட்ட செய்தி. மேடைப் பேச்சாளர்களுக்கு இச்செய்தி கரும்பாய் இனிக்கிறது. பெற்றோரின் தியாகம், தியாகம் என்று கைதட்டல் வாங்குகின்றனர். எனக்கு இது கசக்கிறது. நிலம் விற்றவரின் பிள்ளை வென்றதால் கதை வெளிவந்தது. நிலம் விற்றும் வெல்லாத பிள்ளைகளின் கதையை யார் சொல்வார்? விற்க நிலமே இல்லாதவரின் பிள்ளைக்கு யார் வழி சொல்வார்? தியாகத்தைப் புகழ்வதினும், தியாகம் தேவைப்படாத ஏற்பாட்டைச் செய்வதே மேல். நாரங்கே இதனை உணர்ந்தவர் போலும். பின்னர் அவர் தொடங்கிய பயிற்சிக்கழகத்தில்தான் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பயின்றார். 2019-இல் ரியோ நகரில் உலகக் கிண்ணத் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிசு ஒலிம்பிக் போட்டிகளிலும் இடம்பெற்றார். ஒரு குடும்பம் தனித்துச் சுமந்த பாரத்தை ஒரு கழகம் பகிர்ந்துகொண்டதன் பயன் அது.

நம் நாட்டுக்கு வருவோம். மார்ட்டினா வெலோசோ 2014-இல், பதினான்கு வயதில், மியூனிக்கில் உலகக் கிண்ணக் காற்றுத் துப்பாக்கித் தங்கத்தை வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் கொணர்ந்தார். அவர் சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி மாணவி. அப்பள்ளி இருப்பது ஈசூனுக்கு அண்மையிலுள்ள உட்லண்ட்சில். 2014-இல் கிளாஸ்கோவில் ஜாஸ்மின் செரும் தியோ ஷுன் ஸீயும் தங்கம் வென்றனர். மூவரும் பெண்கள் என்பதைப் பெண்மக்களைப் பெற்றோர் நெஞ்சில் பதித்துக்கொள்வாராக. உடல் வலிமையும் உயரமும் ஓட்ட வேகமும் வாய்க்காத பிள்ளையும் உலக மேடை ஏறத்தக்க விளையாட்டுகள் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

துருக்கி நாட்டு யூசுப் திகெச் ஐம்பத்தொன்றாம் வயதில், பாரிசில் கலப்பு இரட்டையர் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெள்ளி வென்றார். ஒரு கையைக் காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டு, சாதாரண மூக்குக்கண்ணாடியுடன் நின்ற அவர் தோற்றம் உலகெங்கும் பரவியது. பல நூறு வெள்ளிக்குத் தனிக் கண்ணாடியும் மறைப்பும் வாங்கினால்தான் குறி படும் என்றிருந்தோர் அன்று வாயடைத்தனர்.

அச்சமும் அறியாமையும்

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். துப்பாக்கி வன்முறையின் கருவி அன்றோ என்பது அது. அச்சம் நியாயமானது. ஆனால் குறிசுடும் கூடத்தில் பிள்ளை கற்கும் முதற்பாடம் சுடுவது அன்று; சுடாமல் இருப்பது. குழல்முனை எப்போதும் இலக்கின் திசையிலேயே இருக்க வேண்டும். கட்டளை வரும்வரை விரல் விசையில் படலாகாது. துப்பாக்கி வெறுமையாய் உள்ளது என்பதைக் காட்ட, குழலுக்குள் பளிச்சென்ற நிறமுள்ள பாதுகாப்பு நாடா செருகப்பட்டிருக்க வேண்டும். 'நிறுத்து' என்னும் ஒரு சொல்லுக்குக் கூடமே அசைவற்று நிற்க வேண்டும். இக்கட்டுப்பாட்டைக் கற்ற பிள்ளை, கைப்பேசி விளையாட்டில் நாள் முழுதும் எதிரிகளைச் சுட்டுத் தள்ளும் பிள்ளையைவிட ஆபத்தானவனா? பெற்றோர் சிந்திக்கட்டும்.

துப்பாக்கி தமிழர்க்கு அந்நியம் என்போரும் உளர். 1943 அக்டோபர் 22-ஆம் நாள் இதே சிங்கப்பூரில், வாட்டர்லூ தெருவில், ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்த மருத்துவர் லட்சுமி தலைமையேற்றார். அப்படையில் துப்பாக்கி ஏந்திப் பயின்றோருள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் மகளிர் பலர். அவ்வரசியலைப் பற்றி எவர்க்கு எக்கருத்தும் இருக்கலாம். தோட்ட லயத்திலிருந்து வந்த பெண்ணின் கையில் ஓர் அமைப்பு துப்பாக்கியைக் கொடுத்தபோது, அவள் நிமிர்ந்து நின்று பயின்றாள் என்பது வரலாறு. அவளிடம் 'உன் தந்தையின் மாத வருவாய் என்ன?' என்று எவரும் கேட்கவில்லை.

இன்றும் அப்படியே. 1967 முதல் தேசிய சேவை ஆற்றிவரும் நம் ஆண்மக்களுள் பெரும்பாலோர் அரசு தந்த துப்பாக்கியால் சுட்டவர்களே. ஓரறை வீட்டிலிருந்து போனவனும் தனிவீட்டிலிருந்து போனவனும் ஒரே வகைத் துப்பாக்கியைத்தான் பெற்றனர். குறிவல்லார் பட்டையை நெஞ்சில் அணிந்து வீடு திரும்பிய தமிழ் இளைஞர் பலர் உளர். அவர்தம் பெற்றோர்தாம், 'இது நமக்கு எட்டாது' என்கின்றனர்! தேசிய மாணவர் படையிலும் தேசிய காவல் மாணவர் படையிலும் சேரும் பிள்ளைகளுக்குச் சுடும் பயிற்சி உண்டு. ஈசூனிலுள்ள சாஃப்ரா மன்றத்திலேயே குறிசுடும் கூடம் இருந்துவருகிறது. வாசலில் கிணற்றை வைத்துக்கொண்டு தாகத்தால் வாடுவோரை என்னென்பது?

படிப்புக் கெடும் என்னும் தந்தையின் கூற்றுக்கு நெடிய விடை வேண்டா. எழுபத்தைந்து நிமிடம் ஒரு புள்ளியில் மனத்தை நிறுத்தப் பழகிய மாணவனுக்கு, ஒரு மணி நேரம் நூலில் மனத்தை நிறுத்துவது எளிதா, கடினமா? ஒன்பது மதிப்பெண் விழுந்ததும் நெஞ்சு கலங்காமல் அடுத்த குண்டை எடுக்கக் கற்றவன், தேர்வறையில் ஒரு வினா தெரியாவிட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவானா?

பின்வாசல்

இத்தனை கூறிய பின்னும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. சட்டம் முன்வாசலை அனைவர்க்கும் பொதுவாக்கியது. பணம் பின்வாசலைத் தேடிக்கொண்டது. 2004-இல் தொடங்கிய நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. மதிப்பெண்ணால் மட்டும் பிள்ளையை அளக்கலாகாது, திறமையாலும் அளக்க வேண்டும் என்பதே அது. ஆனால் நடப்பதென்ன? விளையாட்டுத் திறமையும் துணைப்பாட வகுப்பைப் போல விலைக்கு வாங்கும் பொருளாயிற்று. தொடக்கப்பள்ளியிலேயே தனிப்பயிற்சி, தனி அங்கி, வெளிநாட்டுப் பயணம் என்று சிலர் முந்திக்கொள்கின்றனர். குறிசுடும் அணி எல்லா உயர்நிலைப்பள்ளிகளிலும் இல்லை. அணி உள்ள பள்ளியில் இடம் தேடும்போது, பள்ளித் துப்பாக்கியை மட்டுமே நம்பிய பிள்ளை, ஈராண்டுக்கு முன்பே சொந்தத் துப்பாக்கியுடன் வந்தவனோடு போட்டியிட நேர்கிறது.

இதனைக் கண்டு, 'பார்த்தீரா, பணம்தான் வெல்லும்' என்று கைவிரிப்பது கோழைத்தனம். பள்ளித் துப்பாக்கிக்கு முதல் உரிமை, அதைத் தவிர வேறு துப்பாக்கி இல்லாத பிள்ளைக்கே உரியது என்று பயிற்றுநரும் பள்ளித் தலைவரும் வகுக்க வேண்டும். தொடக்க நிலையில் எந்தப் பெற்றோரையும் சொந்தத் துப்பாக்கி வாங்கத் தூண்டலாகாது. முதல் ஈராண்டில் பிள்ளைக்கு வேண்டியது நிலையும் மூச்சும் விரலும். புதிய துப்பாக்கி அன்று. விலையுயர்ந்த கருவி நடுங்கும் கையில் இருந்தால், நடுக்கத்தையே நுட்பமாகக் காட்டும்.

ஏகலைவன் கதையை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். அவனிடம் வில் இல்லாமல் இல்லை. அம்பு இல்லாமல் இல்லை. கற்கும் இடத்தில் நிற்கும் உரிமைதான் மறுக்கப்பட்டது. மறுத்தவர் ஆசிரியர். மண்ணுருவைக் குருவாகக் கொண்டு கற்றபின், கட்டைவிரலைக் கேட்டவரும் அவ்வாசிரியரே. இன்று எந்தத் துரோணரும் விரலைக் கேட்பதில்லை. படிவம் வந்த நாளில் ஏழை மாணவனிடம் அதைப் பற்றிச் சொல்லாமல் இருந்தாலே போதும். விரலை வெட்டிய பயன் கிட்டிவிடும். 'இவனுக்கு இது ஒத்துவராது' என்று நம் மனத்துக்குள் முடிவு செய்யும்போதெல்லாம், நாம் துரோணரின் இருக்கையில் அமர்ந்திருக்கிறோம் என்பதை ஆசிரிய நண்பர்கள் மறவாதிருப்பாராக.

செய்ய வேண்டுவன

குறை கூறி நிறுத்துதல் எளிது. ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன்.

உயர்நிலை முதலாம் ஆண்டில் இணைப்பாட நடவடிக்கையைத் தேர்ந்தெடுக்கும் வாரத்தில், தமிழ் வகுப்பில் ஒரு பாடவேளையை அதற்கென ஒதுக்குங்கள். பள்ளி வழங்கும் நடவடிக்கைகளின் பெயர்களைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றும் எத்தகையது, பெற்றோர் என்ன செலவழிக்க நேரும், பள்ளி எதைத் தரும் என்று விளக்குங்கள். அத்தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஆங்கிலத்தில் வந்த படிவத்தைப் படிக்க இயலாமல் கையொப்பமிடும் தாய்மார் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். கல்வி அமைச்சு ஆண்டுதோறும் ஒவ்வொரு சிங்கப்பூர் மாணவரின் எடுசேவ் கணக்கிலும் பணம் செலுத்துகிறது. அப்பணம் எவற்றுக்குப் பயன்படும் என்பதையும் அத்தாளில் எழுதுங்கள்.

அடுத்து, நம் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் ஒரு சொல். ஆண்டு விழாக்களில் நாம் போர்த்தும் பொன்னாடைகள் எத்தனை! மேடையில் போர்த்தப்பட்டு, இல்லத்தில் மடிக்கப்பட்டு, அலமாரியில் அடுக்கப்படும் அவையும் ஒருவகைச் சேகரிப்பே. ஓர் ஆண்டு பொன்னாடையை நிறுத்திப் பாருங்கள். அத்தொகையில் குறிசுடும் அங்கிகள் சில வாங்கலாம். அவற்றை அளவுவாரியாக வைத்திருந்து, தேவைப்படும் பிள்ளைக்குக் கொடுத்து, வளர்ந்தபின் திரும்பப் பெற்று, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். பொன்னாடை பெரியவரின் தோளை ஒரு நாழிகை அணி செய்யும். அந்த அங்கி ஒரு சிறுமியின் தோளைப் பல்லாண்டு நிமிர்த்தும்.

தேசிய சேவையில் குறிவல்லார் எனப் பெயர் பெற்ற இளைஞர்களே, உங்களுக்கும் கடமை உண்டு. பட்டையைப் பேழையில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். வட்டாரத்துப் பிள்ளைகளிடம் சனிக்கிழமை ஒரு மணி நேரம் பேசுங்கள். மூச்சை எப்படி அடக்கினீர்கள், முதல் நாள் கை எப்படி நடுங்கியது என்று சொல்லுங்கள். அதற்குத் துப்பாக்கி வேண்டா. நாற்காலியும் தண்ணீர்ப் போத்தலும் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். எனக்கென ஒரு துப்பாக்கி வேண்டும் என்று ஏங்காதீர்கள், வீட்டில் அடம்பிடிக்காதீர்கள். பள்ளித் துப்பாக்கியை உங்களுடையது போல் துடைத்து வையுங்கள். அடுத்தவனுடையது என்று எண்ணித் திருப்பிக் கொடுங்கள். உங்கள் கையில் அது இருக்கும் நேரம் குறைவாயின், அந்நேரத்தை வீணாக்காதீர்கள். துப்பாக்கியை விலைகொடுத்து வாங்கலாம். அசையாத கையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதைச் செல்வனும் ஒவ்வொரு நாளாக உழைத்துத்தான் பெற வேண்டும்.

அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் அந்தப் படிவம் மீண்டும் வரும். குறிசுடுதல் என்னும் கட்டத்துக்கு நேராக ஒரு தமிழ்ப் பிள்ளை பேனாவைக் கொண்டுபோகும்போது, தடுக்கும் கை நம்முடையதாக இராதிருக்கட்டும். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு, மழுப்பாமல், எண்ணிக் கணக்கிட்ட ஒரு விடையை ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆயத்தமாய் வைத்திருப்போமாக.